ஒன்றோடும் தொடுக்காத மிதி

வல்வெட்டித்துறை பஸ்ஸில், நகமெல்லாம் கிரீஸ் கறை படிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்: "அந்த ஓட்டோமற்றிக் லொறிக்கு ஒரு கிளச் மிதி வைச்சுக் குடுத்தனான் அண்ணை. அது ஒண்டோடையும் தொடுக்கேல்லை."

பின் இருக்கையில் நான் பத்திரிகையை மடித்தேன். இனி அதில் என்ன இருக்கிறது.

"ஓட்டோமற்றிக்குக்கு ஏன் தம்பி கிளச்?"

"ஆறு லட்சம் கிலோமீற்றர் ஓடின டீசல் லொறி. வெங்காயம் ஏத்தினால் கியர் வழுக்குது. அதாலை கையாலை மாத்திற மாதிரிச் செய்து குடுத்தன்."

"அதுக்குக் கிளச் வேணுமோ?"

"வேண்டாம். ஆனா சாரதி முந்தி முப்பது வருசம் கிளச் மிதிச்ச மனிசன். கை கியரிலை பட்டவுடனை இடக்கால் கிளச்சைத் தேடுது. தேடிப் போய்ப் பிறேக்கை மிதிக்குது. உரும்பிராய்ச் சந்தியிலை பின்னாலை வந்த மோட்டச்சைக்கிள்காரன் அருந்தப்பிலை தப்பினவன்."

"அப்ப, கால் வைக்கச் சும்மா ஒரு மிதி."

"ஓம். அடியிலை ஒரு ஸ்பிரிங் மட்டும்."

"அவருக்குத் தெரியுமோ?"

"வைக்கேக்கையே சொன்னனான். ஓம் ஓம் எண்டவர். அவரிட்டைத்தான் போய்க்கொண்டிருக்கிறன்."

பெரியவர் தன் இடக்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப அங்கை ஏன் போறாய்?"

"கிளச் இறுக்கமாம், கியர் விழுகுதில்லையாம். இளக்கி விடட்டாம்."

"என்ன செய்யப் போறாய்?"

மெக்கானிக் சாமான் பையை மடியில் இழுத்து வைத்தார்.

"போன மாசமும் ஸ்பிரிங்கை இளக்கி விட்டனான். பிறகு கியர் நல்லா விழுந்தது அண்ணை. அதுதான் எனக்கு விளங்கேல்லை."