ஒன்றாவதா, இரண்டாவதா

உங்கள் நாற்காலி நல்ல சுகமாக இருக்கிறது சார். எங்கள் கடையிலும் இப்படி ஒன்று போட்டிருந்தால் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி உட்கார்ந்ததுமே போயிருக்கும்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். மூக்கின் மேல் சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வேன். ஒன்றாவது தெளிவா, இரண்டாவது தெளிவா என்று கேட்பேன். ஒரு நாள் கைதவறி, கழற்றிய வில்லையையே திரும்பச் செருகிவிட்டேன். எதிரே ஒரு வக்கீல். "ஆங், ரெண்டாவதுதான். இப்பதான் பளிச்சுனு இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமுவது போல நடித்துச் சமாளித்தேன்.

அப்புறம் அதுவே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஒரே வில்லையைக் கழற்றி மாட்டுவேன். ஆகா ஓகோ என்பார்கள். ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் இரண்டாவது படுமோசம் என்று என்னோடு மல்லுக்கு நின்றார். கேட்கிறவன் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் போதும், ஜனங்கள் தங்கள் கண்ணைவிடக் கோட்டைத்தான் நம்புகிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என்றால் எனக்கு உயிர் சார். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். அவளுக்குக் கல்யாணமான பிறகும் அத்தான் என்னைப் பிரித்துப் பார்க்கவில்லை. மாடியில் அவர்கள், கீழே நான், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. அத்தான் பெரிய கட்டடங்களுக்குக் கிரேன் ஓட்டுபவர். தங்கமான மனிதர். அவருக்குத் தொலைவில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்தது, குடியிருக்க வீட்டோடு. அக்கா அன்றைக்கே பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். "இனிமேலாவது ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு ஒழுங்கா இருடா" என்று சிரித்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், சுற்றி வைத்த பாத்திரம் ஒன்றைப் பிரித்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

புது வேலையில் சேருவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார்களாம். ஊரில் எத்தனையோ கடை இருக்க, அத்தான் என்னிடம்தான் வந்தார்.

நான் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தாத வில்லை ஒன்றைச் செருகினேன். எழுத்தெல்லாம் கரைந்துபோயிருக்கும். பிறகு அதைவிடப் பொருந்தாத இன்னொன்றைச் செருகினேன். அப்புறம் "ம்" என்றேன். டாக்டரோ மெக்கானிக்கோ, நம் பொருளைப் பார்த்துவிட்டு "ம்" என்று சொன்னால் யாருக்கும் அடிவயிறு கலங்கிவிடும்.

"என்ன மாப்ளே, எதையோ மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்தான். அக்காகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேணாம்."

மீதியை அவரே யோசித்துக்கொண்டார். புது வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கையில் இருந்த வேலையையும் விட்டுவிட்டார். "மேலேருந்து ஒரு கம்பி தவறி விழுந்தா, கீழ நிக்கிறவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்டா" என்றார். பாத்திரங்கள் பேப்பரிலிருந்து வெளியே வந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தட்டு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் அத்தோடு விட்டுவிடத்தான் நினைத்தேன். அத்தான் விட்டால்தானே? வாரம் தவறாமல் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பவரே இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டினேன். போன வாரத்தைவிட மங்கல் என்றார். கொஞ்ச நாளில் மேல் வரிசையில் இருக்கும் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்றார். பட்டப்பகலில் லைட்டைப் போடச் சொன்னார். சுவரைத் தடவித் தடவி நடந்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லாத மனிதர் சார். வெறும் ஒரு "ம்" இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கையைப் பிடித்துக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போவேன். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே சொல்லும். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன மாதம் அவர் மாடிப்படியில் உருண்டு கையை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கண் டாக்டரும் பார்த்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அக்கா கெட்டிக்காரி, அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தானோ அந்த டாக்டருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சாதித்தார். அக்கா என்னை இழுத்து வந்து அவர் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"உன் வாயாலயே சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவாரு."

சொன்னேன் சார். பொருந்தாத வில்லை, "ம்", வெறும் கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. "உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு அத்தான். நான்தான் கெடுத்தேன்" என்றேன். அழக்கூட அழுதேன்.

அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். அவர் கையை நீட்டித் துழாவி என் கன்னத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தடவிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "பாத்தியா, என் மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறான். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள். கோபம்தான், ஆறிவிடும். இனி அவர்கள் ஊரைவிட்டுப் போக மாட்டார்கள், எனக்கு அது போதும்.

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் சார். சாயங்காலம் அத்தானை வெளியே அழைத்துப்போக வேண்டும். நான் பக்கத்தில் இல்லாவிட்டால், பாவம், அவருக்குக் கண்ணே தெரியாது.