பக்கத்து சீட்டின் தையல்

நல்ல காரைக் கெடுக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. பின்னால் இறக்கை மாதிரி பெரிதாக ஒரு ஸ்பாய்லரை மாட்டினால் போதும், சைக்கிளில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். என் தம்பி அந்த ஸ்போர்ட்ஸ் கூப்பேயை வாங்கி வந்த அன்று அவன் மனசில் இருந்தது அதுதான். ஒரு ஸ்பாய்லர், முன்பக்கம் இரண்டு வெள்ளைப் பட்டை, வண்டிக்கு அடியில் நீல விளக்கு. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இது காரா சர்க்கஸ் கூடாரமா என்று கேட்டேன். அவனுக்குக் கோபமே வராது.

"சரிக்கா, நீயே பாத்துச் செஞ்சு குடு. எனக்கு உன் கண்ணு கிடையாது" என்றான்.

நீங்கள் நூலைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நூலை மட்டும் பிய்த்து எடுத்துச் சொன்னால் என்னை என்னவோ போல் நினைத்துக்கொள்வீர்கள். அந்தக் காரை நான் எவ்வளவு ஆசையாக இழைத்தேன் என்று முதலில் தெரிய வேண்டும்.

நான் கார் சீட் தைக்கிறவள். சொந்தமாக ஒரு கடை வைத்திருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். நான் வேறொருவர் சீட் கடையில் அப்போதுதான் தையல் மெஷினில் உட்கார ஆரம்பித்திருந்தேன். அதன் பிறகு அவனுக்குச் சட்டை தைத்ததும் நான், காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போட்டதும் நான். என்னைக் கேட்டு வந்தவர்களிடம், தம்பி தலையெடுக்கட்டும் என்றேன். அவன் தலையெடுத்தபோது கேட்டு வர யாரும் இல்லை. இதையெல்லாம் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் இரண்டே பேர்; யாருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதே இல்லாத வாழ்க்கை.

காரின் நிறம் கருஞ்சாம்பல். மழை வருவதற்கு முன் வானம் இருக்குமே, அப்படி. அதில் கை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். சக்கரத்தை மட்டும் ஒரு சுற்று பெரிதாக மாற்றினோம். பளபளவென்று மின்னுகிறது வேண்டாம், தேய்ந்த வெள்ளி மாதிரி மங்கலாக இருக்கட்டும் என்றேன். வண்டியைக் கொஞ்சமே கொஞ்சம் தாழ்த்தச் சொன்னேன். பார்க்கிறவருக்கு ஏதோ மாறியிருக்கிறது என்று தோன்ற வேண்டும், என்னவென்று தெரியக் கூடாது. சைலன்சர் விஷயத்தில் மட்டும் அவன் அடம்பிடித்தான். கடைசியில் ஊரைக் கூட்டாத ஒன்றாகப் பார்த்துப் போட்டோம். பெரிய மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமுவது போல அடக்கமாக ஒரு சத்தம். பின்னால் ஒட்டியிருந்த எழுத்துகளை எல்லாம் சூடு காட்டி எடுத்துவிட்டேன். நல்ல கார் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

உள்ளே சீட்டுக்கு லெதர். அதற்குத்தான் நாள் பிடித்தது. ஆபீஸ் விட்டதும் அவன் நேராகக் கடைக்கு வந்துவிடுவான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுருட்டி வைத்த ஃபோம் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பான். நான் லெதர் துண்டுகளை ஒவ்வொன்றாக பானெட் மேல் விரித்துக் காட்டுவேன். அவன் சிவப்பு என்பான். சிவப்பு லிப்ஸ்டிக்குக்கு ஆகும், சீட்டுக்கு ஆகாது என்பேன். பேசிப் பேசிக் கடைசியில் காய்ந்த புகையிலை நிறத்தில் வந்து நின்றோம். அதே நிறத்தில் நூல். வேறு நிறத்தில் நூல் போட்டால் தையல் துருத்திக்கொண்டு தெரியும்.

அந்த மாலைகளைப் போல ஒரு காலம் எனக்கு வந்ததில்லை. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவன் என்னிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதே கிடையாது. அதனால் ஒரு பொய் சொன்னேன். லெதர் இன்னும் வரவில்லை, தாமதமாகும் என்றேன். அது அவன் தலைக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவனுக்கு அவ்வளவுதான்.

அப்படி ஒரு மாலையில்தான், கியர் தண்டின் புதுக் குமிழைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். பல் டாக்டர். பல்லைப் பிடுங்கப் போனவன் மனசைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அதைச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம், அவளுக்குத் தூரத்தில் கடலோர ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருப்பதையும், அவனும் அங்கேயே மாற்றல் வாங்கிவிட்டதையும் சொன்னான். கல்யாணம் ஆனதும் இரண்டு பேரும் காரிலேயே போய்விடுவார்களாம்.

"அதுக்குத்தான்கா இந்தக் காரே" என்றான்.

நான் ஃபோம் வெட்டிக்கொண்டிருந்தேன். கோடு கொஞ்சமும் கோணாமல் வெட்டினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடையாது. தேடித்தேடிப் பார்த்தேன். குள்ளமாக, சுறுசுறுப்பாக, கையெல்லாம் சுத்தமாக இருப்பாள். சீட் இரண்டும் முடிந்த அன்று கடைக்கு வந்தாள். வந்ததும் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அந்தச் சொல்லால் அதுவரை ஒரே ஒருவன்தான் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

வெள்ளோட்டம் போகலாம் என்றான் தம்பி. கூப்பே என்றால் உங்களுக்குத் தெரியும், கதவு இரண்டுதான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் சீட் என்று பெயருக்கு ஒன்று இருக்கும், பை வைக்க. அவனுடைய பழைய காரில் முன் சீட் என்னுடையது. அன்று அவள் தயங்கி நின்றாள். "நீங்க முன்னாடி உக்காருங்கக்கா" என்றாள். உண்மையாகவே சொன்னாள். தம்பிதான், "அக்கா ஒல்லி, பின்னாடி உக்காந்துக்கும். இனிமே இது உன் சீட்டுதானே" என்று அவளிடம் சொல்லிவிட்டு முன் சீட்டை மடக்கினான். நான் உள்ளே நுழைந்து, முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்தேன். ஊரைச் சுற்றி வந்தோம். நான் தைத்த இரண்டு சீட்டின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. முன்னால் இரண்டு பேரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். என்னிடமும் பேசினார்கள். முதுகுக்குப் பின்னாலேயே கேட்ட சைலன்சர் சத்தத்தில் எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை. அதையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு சுடுசொல் இல்லை. ஒரு முகச்சுளிப்பு இல்லை. யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும்.

இறங்கும்போது அவள் கூச்சத்துடன் ஒன்று கேட்டாள். அவள் உயரத்துக்கு ரோடு சரியாகத் தெரியவில்லையாம். "இந்த சீட்ட மட்டும் கொஞ்சம் ஒசத்திக் குடுக்க முடியுமாக்கா?" என்றாள். அதற்கென்ன என்றேன்.

அந்தச் சீட்டைக் கழற்றி, ஃபோம் வைத்து உயர்த்தி, உறையைப் பிரித்துத் திரும்பத் தைக்க உட்கார்ந்தேன். உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தக் காலத்து கார்களில் சீட்டின் ஓரத்துக்குள் ஓர் ஏர்பேக் மடிந்து கிடக்கும். பக்கவாட்டில் யாராவது வந்து இடித்தால் அது தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, உட்கார்ந்திருப்பவருக்கும் கதவுக்கும் நடுவில் விரியும். அதனால் அந்த ஓரத்தை மட்டும் சட்டென்று அறுந்துவிடுகிற நூலால் தைப்போம். மற்ற இடத்துக்கெல்லாம் கெட்டி நூல். இரண்டு நூல்கண்டும் ஒரே நிறம். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கெட்டி நூலையே எடுத்து ஓரத்தையும் தைத்தேன். அப்புறம் அதன் மேலேயே இன்னொரு வரிசை ஓட்டினேன்.

நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அப்போது தோன்றியது. பிரேக்கில் கை வைக்கவில்லை. சக்கரத்தில் கை வைக்கவில்லை. எத்தனையோ கார்கள் ஓடிக் களைத்து உடைக்கப் போகும்வரை ஒரு கீறல்கூட வாங்குவதில்லை. நடக்க வேண்டும் என்று நான் எதையும் நினைக்கவில்லை. நடந்தால் தடுக்க வேண்டாம் என்று மட்டும் நினைத்தேன். நினைத்தபின் மனசு லேசாக இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வண்டியை எடுக்க வந்தபோது தம்பி அந்தச் சீட்டின் ஓரத்தில் விரலால் தடவிப் பார்த்தான். மற்றதைவிட இந்தத் தையல் இன்னும் அழுத்தமாக, அழகாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னான். பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணத்துக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் புறப்பட்டபோது கார் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. துளி மிகை இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நம்பினால் நம்புங்கள். அவர்கள் போய்க் கொஞ்ச நாளில் அவள் எனக்கு போன் செய்தாள். அவன் இருமுகிறான், நீங்கள் கொடுக்கிற கஷாயம்தான் வேண்டும் என்கிறான், எப்படிப் போடுவது என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள். பிறகு, "நீங்க இல்லாம அவருக்கு ஒண்ணும் ஓடலக்கா. இங்கயே வந்துருங்களேன், ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள். போனை வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உடனே தம்பிக்கு போன் போட்டு, பக்கத்து சீட்டின் தையல் எனக்குத் திருப்தியாக இல்லை, வண்டியைக் கொண்டு வா என்றேன்.

அவன் சிரித்தான். "நல்லாத்தானேக்கா இருக்கு. உன் ரசனை உன்னயே தூங்க விடாது போல."

"சொன்னாக் கேளுடா. கொண்டு வா."

"அடுத்த மாசம் வர்றேன். நீயும் பெட்டியக் கட்டி வை, உன்னயும் கூட்டிட்டு வந்துர்றோம்" என்றான்.

என்ன காரணம் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான். சொன்னால் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அதன் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடுவானா என்று நினைத்தேன். அடுத்த மாதம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த அடுத்த மாதம் வருவதற்குள் அது நடந்துவிட்டது. அன்று அவளுக்குப் பிறந்தநாள். சாவியை அவள் கையில் கொடுத்து, இன்றைக்கு நீ ஓட்டு என்றிருக்கிறான். அவள் பயந்திருக்கிறாள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றிருக்கிறான். சிக்னலில் நிற்காமல் வந்த தண்ணீர் லாரி பக்கத்து சீட் கதவில் இடித்தது. கார் சுழன்று போய், மறுபக்கம் தடுப்புச் சுவரில் மோதியது. ஓட்டுகிறவர் சீட்டின் ஏர்பேக் விரிந்தது. அவளுக்குக் கையில் ஓர் எலும்பு முறிவு, முகத்தில் சின்னதாக ஒரு வெட்டு.

பக்கத்து சீட்டின் ஏர்பேக் வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைக் காட்டினார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையைக் கோதிச் சரிசெய்தேன். சட்டைக் காலரில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நூலும் ஊசியும் கேட்டேன். நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வராந்தாவில் அந்தப் பெண் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான்தான்கா கொன்னுட்டேன். அவர் ஓட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போது நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஆமாம்மா. அவனையே ஓட்ட விட்டிருக்கலாம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் பேசி நான் கேட்கவில்லை. அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதில்லை என்று கேள்விப்படுகிறேன். பாவம்தான்.

உங்கள் ஆள் உறையைப் பிரித்துப் பார்த்தாராம், தவறுதலாக நூல் மாறிவிட்டதா என்று கேட்கிறீர்கள். எனக்குக் கை தவறாது. கெட்டி நூல் என்று தெரிந்துதான் எடுத்தேன். அந்தப் பெண் உட்காரப்போகிற இடம் என்று தெரிந்துதான் தைத்தேன். அவளைப் பொறுத்தவரை என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தம்பியைக் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். அவனுக்கு என்று நான் தைத்தது ஓட்டுகிறவர் சீட். அந்த ஏர்பேக் எவ்வளவு அழகாக விரிந்திருந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். அவன் விஷயத்தில் நான் ஒரு தையல்கூடத் தப்பாகப் போட்டதில்லை.