இந்த ஒரு தடவை அமுக்காதீங்க

"ஹலோ... அண்ணியா? நான்தான், ஆபீஸ்லேருந்து... ஆமா ஆமா, அண்ணா பக்கத்துல உக்காருவேனே, அவளேதான்... நல்லா இருக்கேன் அண்ணி. நீங்க?... ம்... ம்... சாப்பிட்டாச்சா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது, காலை காப்பி நேரம்கூடத் தாண்டவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த போனைத் தன்னால் பண்ண முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டவர் அவர்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணாவோட போன் இப்ப எங்க இருக்கு?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சுவரை அடைத்த திரையில் பச்சைக் கட்டங்கள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒரு வாடிக்கையாளருக்காக எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர் கம்ப்யூட்டர். ஒன்று மூச்சுத் திணறினால் கட்டம் சிவக்கும், யாராவது ஒருவரின் போன் கத்தும். அவர் 'பார்த்துவிட்டேன்' என்ற பட்டனை அமுக்கினால் கத்தல் நிற்கும். அமுக்காவிட்டால் சற்றுப் பொறுத்து அடுத்த ஆளுக்குப் போகும். முதல் அழைப்பு எப்போதும் தனக்கே வரும்படி செட்டிங்ஸ் போட்டு வைத்திருந்தவர் அண்ணியின் கணவர். கண்ணே மூடாத மனிதர் என்பதால் ஆபீஸில் அவருக்கு ஆந்தை என்று பெயர். போன மழைக்காலத்தில், வேலை முடிந்து வண்டியில் வீட்டுக்குக் கிளம்பியவர் வீடு போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகும் கட்டங்கள் சிவந்தன. யாரும் நாற்காலியை விட்டு எழுவதற்குள் சிவப்புக்குக் கீழே எழுத்து விழும். பார்த்துவிட்டார், ஆந்தையின் பெயர், நேரம். முதலில் சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்றார்கள். செத்தும் ஷிஃப்ட்டை விடல பாரு என்று ஒருத்தன் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார ஆளில்லை. பேரை எடுத்துவிடலாம் என்று தினமும் யாராவது சொல்வார்கள், மவுஸைத் தொட மட்டும் கை வராது. அவள்தான் கடைசியில் சாஃப்ட்வேரின் ஒவ்வொரு விதியாகத் திறந்து பார்த்தாள். தானாக அமுக்கும்படி எங்கேயும் எதுவும் எழுதப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கை அமுக்கியது. அதுவும் ஒரே போனிலிருந்து.

"ஜன்னல் பக்கம்... சார்ஜ்ல போட்டு... ஓ. இன்னும் அதே இடத்துலதானா... இல்ல இல்ல, வேணாம் அண்ணி, திருப்பிக் கேக்கல. அது உங்க போன்தான். அதுக்கில்ல... அண்ணி, அது அடிக்குமா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயை யாரோ மூடினார்கள்.

"...ம்... நீங்கதானா."

மேனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"இல்ல, கோபமெல்லாம் இல்ல. சொல்லுங்க... குளிக்கப் போறப்போ சொல்லிட்டுப் போவாரா?... ம்... 'அமுக்கிடு, வந்துடறேன்'னு... ம்... அந்தப் பழக்கத்துல... புரியுது. ஆஸ்பத்திரியில போனைச் சட்டையோட சேத்துக் குடுத்தாங்களா... கண்ணாடி மூலையில மட்டும் உடைஞ்சு... ம்."

அண்ணி பேசப் பேச அவள் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கிடந்த பேனா மூடியை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள்.

"அப்புறம் மெசேஜ் வருமா? சரியாயிடுச்சுன்னு... ஆமா, அவர் பேர் போட்டுத்தான் வரும்... இல்ல அண்ணி, அதை யாரும் அனுப்பல. முதல்ல யாருக்குப் போச்சோ அவங்க பேரைச் சேத்துத் தானா அனுப்பும்... உங்களுக்கே தெரியுமா... ம்... தெரிஞ்சேதான்... அந்த நடுவுலயா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அமுக்கினதுக்கும் மெசேஜ் வர்றதுக்கும் நடுவுல... உள்ரூம்ல இருக்கற மாதிரி... கதவைச் சாத்திட்டு வேலை பாக்கற மாதிரி... நீங்க சத்தம் போடாம சமையலறையில... ம்... ம்."

மேனேஜர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"இங்கேயும் அப்படித்தான் அண்ணி. அவர் பேரைப் பாத்தாலே கழுத்துக்குப் பின்னாடி சில்லுனு ஆயிடும். பயம்தான். ஆனா கூடவே, அவர் பாத்துட்டார், இனிமே கவலையில்லைன்னு ஒரு நிம்மதியும் வரும். வெளியில சொல்லிக்கல... ஆமா... எல்லாருக்குமேதான்."

இனித் தள்ளிப்போட முடியாது. அவள் குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். பட்டனை அமுக்கினால் யாரோ பொறுப்பெடுத்துவிட்டார்கள் என்று சாஃப்ட்வேர் நம்பிவிடும், அடுத்த ஆளைக் கூப்பிடாது என்று விளக்கினாள். பெரும்பாலும் வருவது தானே சரியாகிவிடும் சின்னச் சின்னத் தொல்லைகள், அதனால் இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று என்றும் சொன்னாள்.

"போன வாரம் வந்தது அப்படி இல்ல. அதுக்கு மெசேஜ் வரலதானே... காத்துட்டே இருந்தீங்களா... சாயங்காலம் வரைக்குமா... அண்ணி, அது ஒரு ஆஸ்பத்திரி சர்வர். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க, திரை முன்னாடி ஆள் இல்ல. லேப் ரிப்போர்ட் ஒண்ணுகூட டாக்டருங்க கைக்குப் போகல."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல... இல்ல அண்ணி. யாருக்கும் எதுவும் ஆகல... ஒரு ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான். அந்தம்மா வீட்டுக்கே போயிட்டாங்க. நானே விசாரிச்சேன்... சத்தியமா... அழாதீங்க. உங்க மேல தப்பே இல்ல. நாங்க எடுத்திருக்க வேண்டிய பேரு அது."

சற்று நேரம் அழவிட்டாள். பிறகு, இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதை மெதுவாகச் சொன்னாள். இங்கிருந்து ஒரு வெள்ளோட்ட அலர்ட் அனுப்புவாள். அது முதலில் அந்த வீட்டில் அடிக்கும். யாரும் தொடாவிட்டால் மேனேஜருக்கு வரவேண்டும். வருகிறதா என்று பார்த்தால்தான் இவர்களுக்கு நம்பிக்கை.

"பக்கத்துல போய் நிக்கறீங்களா?... சரி. அனுப்பறேன். அண்ணி, இந்த ஒரு தடவை அமுக்காதீங்க."

அனுப்பினாள்.

கொஞ்சம் தாமதமாக, போன் வழியாகவே அவளுக்குக் கேட்டது. தகரத்தைத் தட்டுவது போன்ற அந்தச் சத்தம். பக்கத்து மேஜையில் வருஷக்கணக்காகக் கேட்டது. அதோடு நாற்காலி பின்னால் நகர்வதும் சேர்ந்தே கேட்கும் என்று அவள் உடம்பு காத்திருந்தது. தன்னையறியாமல் தலையைத் திருப்பிக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். காலி நாற்காலி மேஜைக்குள் தள்ளியபடியே இருந்தது.

"அடிக்கட்டும்... விடுங்க... தெரியும் அண்ணி, கை போகத்தான் செய்யும். முந்தானையைப் பிடிச்சுக்கங்க, எதையாவது பிடிச்சுக்கங்க... நான் லைன்லதான் இருக்கேன்... ம்... இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்தான்..."

மேனேஜரின் சட்டைப் பையில் போன் கத்தியது. எடுத்து அவளிடம் காட்டினார். கட்டைவிரல் பட்டனை நோக்கிப் போனபோது அவள் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இங்க வந்துடுச்சு அண்ணி. மேனேஜர் கையில இருக்கு. அவர் அமுக்கினா அங்கயும் நின்னுடும்... ஆமா, இனிமே அங்க அடிக்காது... இல்ல, அவசரமில்ல. நீங்க சொல்லுங்க, அப்ப அமுக்கச் சொல்றேன்."

இரண்டு வீடுகளில் ஒரே குழந்தை அழுவது போல, இரண்டு பக்கமும் அந்தச் சத்தம். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே வர யாருக்கும் துணிவில்லை.

"...சரி அண்ணி." அவள் மேனேஜரைப் பார்த்துத் தலையசைத்தாள். "எடுத்துக்கங்க சார்."

சட்டென்று எல்லாம் அடங்கியது.

"இருக்கீங்களா?... ம்... நின்னுடுச்சா... திரையில என்ன வந்திருக்கு?... ஆமா, அது மேனேஜர் பேருதான். நல்லவர், பாத்துப்பார்... போனை அணைக்க வேணாம். போட்டோல்லாம் அதுலதானே இருக்கு, வெச்சுக்கங்க. நான் இங்க பேரை மட்டும்தான் எடுக்கறேன். இப்பவே எடுத்துடறேன், அப்புறம்னா எனக்கும் கை வராது."

ஆந்தையின் பெயரைத் தேடி அதன்மேல் மவுஸை வைத்தாள். நீக்கு என்பதை அமுக்கினாள். சின்னதாக ஒரு பெட்டி திறந்தது. அவள் அதைப் படித்தாள், இன்னொரு தடவையும் படித்தாள்.

"அண்ணி... நிச்சயமான்னு கேக்குது."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்து போயிற்று. நெடுநேரம். அவள் அவசரப்படுத்தவில்லை.

"...சரி," என்றாள். "சரி அண்ணி."

அண்ணி போனை வைத்தாயிற்று. அவள் விரல் 'ஆம்' மேல் அழுந்தியபோது லைனில் யாரும் இல்லை.