வலது கைப்பிடியின் அன்னம்

நான் பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி உறையில் இட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவரை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்த பிறகு, காவல் நிலைய எழுத்தர் அம்மா கேட்கக் கேட்க நான் சொல்வது இது. என்னை யாரும் கூட்டிவரவில்லை, நானாகவே வந்தேன் என்பதை முதலில் எழுதச் சொன்னேன்.

பழைய சாமான் கடையில் இருந்த சித்திர வேலைப்பாட்டு நாற்காலியை வேண்டுமென்றே கெடுத்ததாக, அங்கே வேலை செய்யும் பாலிஷ் அண்ணன் மேல் முதலாளி புகார் கொடுத்து, அவரை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருப்பதை இன்று பள்ளி விட்டுக் கடைக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். கெடுத்தது அவர் அல்ல. நான்.

அந்த நாற்காலி போன வருடம் வரை எங்கள் வீட்டில் இருந்தது. சாய்மானத்தில் திராட்சைக் கொடியும் இரண்டு கிளிகளும் செதுக்கி, சிவப்பும் பச்சையும் பூசியிருக்கும். கைப்பிடி இரண்டும் அன்னத்தின் தலையாக முடியும். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் இருந்ததால் படுக்க முடியாது. ஆறு வருடம் அதில்தான் உட்கார்ந்தார், அதில்தான் தூங்கினார். இருமல் வரும்போது வலது அன்னத்தின் கழுத்தை இறுக்கிப் பிடிப்பார். அந்த இடத்தில் சாயம் போய், மரம் வழுவழுவென்று லேசாகக் குழிந்திருந்தது. இடது அன்னம் மட்டும் புதிதுபோல இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிக்கும்போது அம்மாவின் இடது கை என் தலைமேல் இருக்கும்.

அம்மா இறந்த பிறகு அந்த அறையில் அப்பா விளக்குப் போடுவதே இல்லை. அதன் பிறகு ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது நாற்காலி இல்லை. அப்பா அதை விற்றுவிட்டிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பழைய சாமான் கடையில், கண்ணாடி பீரோவுக்குப் பின்னால் அதைப் பார்த்தேன்.

அதன் பிறகு தினமும் போய்க் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்தேன். பாலிஷ் அண்ணன் விரட்டவில்லை. "மகாராணி வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்று பீரோக்களிடம் சொல்வார். அது எங்கள் நாற்காலி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உட்கார விடமாட்டார் என்று பயந்தேன். அது என் தவறு.

போன திங்கட்கிழமை, வாங்குவதற்கு ஆள் வந்துவிட்டது என்று முதலாளி சொன்னார். "பழசாத் தெரியணும்யா, ஆனா தேஞ்சு தெரியக் கூடாது" என்றார். "உங்க மூஞ்சி மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். முதலாளி சிரிக்கவில்லை. அதன் பிறகு அண்ணன் வலது அன்னத்தின் குழியில் புட்டிப் பசை அடைத்து, பச்சை பூசி, மறுநாள் அது காய்ந்ததும் இரண்டு கழுத்தையும் உப்புத்தாளால் ஒரே அளவு தேய்த்துப் பழசாக்கினார். உட்கார்கிறவர்கள் இரண்டு கையையும் ஒரே மாதிரிதான் வைப்பார்கள் என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

புதன்கிழமை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த கவராயத்தின் முனையால் வலது கழுத்தைச் சுரண்டினேன். ஒரு கிளியின் வாலிலும் கை தவறிக் கீறிவிட்டேன். புட்டி முழுவதும் உதிர்ந்த பிறகு குழியில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். குழி இன்னும் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அதன் பிறகு வீட்டுக்குப் போய்க் கணக்குப் பாடம் எழுதினேன்.

கவராயத்தை ஒப்படைத்துவிட்டேன். முனையில் பச்சை இருக்கிறது. அண்ணனை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் கடைக்குப் போய்வந்தது அப்பாவுக்கு இதுவரை தெரியாது. "உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா" என்று இப்போது சொன்னார். அதையும் எழுதச் சொன்னேன்.

நாற்காலி இந்த அறையின் மூலையில் சான்றுப் பொருளாக இருக்கிறது. ஒருமுறை உட்காரட்டுமா என்று கேட்டேன். வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். பக்கத்தில் தரையில் உட்காரலாமா என்று கேட்டேன். அதற்குத் தடை இல்லை என்றார்கள்.

ஆகவே மேலே எழுதியதை நாற்காலியின் இடது பக்கம் தரையில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து நானே சத்தமாக வாசித்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(கையொப்பம்)