ஒரே பெட்டியில் வந்த நான்கு டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், பிறகு எத்தனை டெராபைட் என்று கேட்கிறார்கள். நான் ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்புத் தேதியைத்தான் பார்ப்பேன். வீட்டு சர்வருக்கு நான்கு டிஸ்க் வேண்டுமென்றால் நான்கையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கக் கூடாது. ஒரே நாளில் செய்து ஒரே லாரியில் குலுங்கி வந்தவை ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் போகும். இரண்டை இங்கே, இரண்டை அங்கே, ஒரு மாத இடைவெளி விட்டு வாங்க வேண்டும். வாங்கியதும் படங்களை ஏற்றிவிடாமல் ஒரு வாரம் வெறுமனே ஓடவிட வேண்டும். மட்டமான டிஸ்க் அந்த வாரத்திலேயே பல்லைக் காட்டிவிடும்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், மேடம். விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது. எனக்கு விவரம் தெரியும்.

என் பெயர் நிவாஸ். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தேன், குன்றத்தூரில் குடியிருக்கிறேன். ஒரகடத்தில் கார் பாகங்கள் அடிக்கும் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை, பன்னிரண்டு வருஷமாக. டிஸ்க் விவகாரம் எனக்குப் பொழுதுபோக்கு. எங்கள் தெருவிலும் தொழிற்சாலை லைனிலும் சேர்த்து ஏழு வீடுகளுக்குச் சின்ன சர்வர் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கல்யாணப் படம், குழந்தை தவழும் படம் எல்லாம் போனிலேயே கிடந்து அழிந்துபோவது எனக்குப் பொறுக்காது. கூலி வாங்கியதில்லை. காபி கொடுத்தால் குடிப்பேன்.

செத்துப்போன டிஸ்க்கையும் நான் தூக்கிப் போடுவதில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு காந்தம் இருக்கும். இரும்புத் தகட்டில் ஒட்டிய, பிறை மாதிரி வளைந்த காந்தம், தகட்டின் இரு முனையிலும் திருகு போடும் ஓட்டை. இரண்டுக்கும் நடுவில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். எங்கள் தெருவில் எந்த வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தாலும் கேஸ் ரசீதையும் பள்ளிக்கூட டைம்டேபிளையும் என் காந்தம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு தெரு தள்ளி இருந்த ஜெபகுமார் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒன்று உண்டு.

ஜெபகுமார் எங்கள் பிரஸ் லைனில் ஆபரேட்டர். எட்டு விநாடிக்கு ஒரு அடி அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ் அது. பக்கவாட்டில் ஒரு கதவு இருக்கிறது. கதவு திறந்தால் அங்கே உள்ள சென்சார் பிரஸ்ஸை நிறுத்திவிடும். வெட்டுத் துண்டு உள்ளே சிக்கும்போதெல்லாம் கதவைத் திறக்க வேண்டும், எடுக்க வேண்டும், மூட வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிஷம் போகும். ஷிஃப்டுக்கு நாற்பது தடவை சிக்கினால் டார்கெட் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

"அண்ணா, இந்தக் கதவோட மல்லுக்கட்ட முடியல. சூப்பர்வைசர் காது கிழியக் கத்திகினு கீறாரு. நீ இன்னாவது பண்ணேன்" என்று ஜெபகுமார்தான் கேட்டான்.

கதவின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம் பதித்திருக்கும். சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் காந்தம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். நான் என் டிஸ்க் காந்தம் ஒன்றை அதன் மேல் வைத்து டேப் ஒட்டினேன். அதற்குப் பிறகு கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே பிரஸ் நினைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். பதினொரு மாதம் அது அங்கேயே இருந்தது. எங்கள் லைனில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், ஆனால் மற்றவர்களைப் பற்றி எழுத நான் வரவில்லை.

போன வருஷம் ஆகஸ்டில், காலை ஷிஃப்டில், ஜெபகுமார் அந்த பிரஸ்ஸில் மாட்டிச் செத்தான். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். அவசர ஸ்விட்சை அமுக்கியது நான்தான். விசாரணைக்கு வந்தவர்கள் சென்சாரைச் சோதித்தார்கள், ஒழுங்காக வேலை செய்தது. ஏனென்றால் அப்போது காந்தம் அங்கே இல்லை. ஆபரேட்டர் தானாகவே ஏதோ செய்து கதவை ஏமாற்றி உள்ளே போயிருக்கிறார் என்று எழுதினார்கள். மெயின்டனன்ஸ் சார்பில் கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான். சமயத்தில் ஸ்விட்சை அமுக்கியதற்காக மேனேஜர் என் தோளில் தட்டினார்.

அவன் மனைவி சத்யப்பிரியா என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அடக்கம் முடிந்த மறுவாரமே நான் போய்ப் பார்த்தேன், அப்புறமும் போய்க்கொண்டிருந்தேன். கேஸ் புக் பண்ணிக் கொடுப்பேன், குழந்தை வேல்விழியைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். மனசு கேட்கவில்லை என்றுதான் போனேன், அதை நீங்கள் நம்பலாம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்ததும் அவள் நான் வைத்துக் கொடுத்திருந்த சர்வரைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது கிர்ருகிர்ருனு சத்தம் போட்டுகினே கீதுண்ணா. நல்ல டிஸ்க்கா பாத்து மாத்திக் குடுங்க. அவரு பேசறது, சிரிக்கறது எல்லாம் இதுலதான் கீது. பாப்பாவுக்கு அவங்க அப்பா குரலே மறந்துடும் போல."

நான் சரி என்றேன். அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு போன அன்னைக்கி வேலை எடத்துல எடுத்த வீடியோ ஒண்ணு கீது. பாப்பாவுக்கு மிஷின காட்டறேன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குப் பாக்க தெம்பு இல்ல. வருஷ நெனவு நாள் முடிஞ்சதும் வக்கீல வெச்சிகினு பாப்பேன். அவரு கதவ ஏமாத்தற ஆளு இல்லண்ணா. உங்களுக்குத் தெரியாதா."

தெரியும் என்றேன்.

லைனுக்குள் போன் கொண்டுவரக் கூடாது. ஆனாலும் அவன் போனை டூல் பெட்டி மேல் சாய்த்து வைத்து ஓடவிட்டிருக்கிறான். செக்யூரிட்டி அதை மற்ற சாமான்களோடு பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டு வைஃபை கிடைத்ததும் போனில் உள்ளது தானே சர்வருக்கு ஏறும், ஏறியதும் போனிலிருந்து நீங்கும். அவன் போனில் இடம் போதவில்லை என்று நான்தான் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தேன். ஆகவே அந்தப் படம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

சர்வர் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தேன். கதவும், சென்சாரும், டேப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிறைத் தகடும் தெளிவாகத் தெரிந்தன. யார் வீட்டு ஃபிரிட்ஜிலும் பார்க்கக்கூடிய தகடு. நானும் அதில் இருந்தேன்.

அதை மட்டும் அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த ஒன்று மட்டும் காணாமல் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். எல்லாமே போனால் அது டிஸ்க்கின் குணம். தவிரவும், அழி என்ற பொத்தானை நான் யார் வீட்டிலும் அமுக்கியதில்லை. அது எனக்கு ஒரு கொள்கை மாதிரி.

சென்னையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாபுவிடம் போனேன். அவன் நேர்மையானவன், அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். "அண்ணே, இது நாலும் ஒரே பெட்டி. சிசிடிவில மூணு வருஷம் நிக்காம ஓடினது. ஒருவாட்டி கீழ வேற வுழுந்துச்சு. சினிமா போட்டு வெச்சிக்க. முக்கியமானது எதுவும் வெக்காத" என்று எச்சரித்தான். நான் நான்கையும் எடுத்துக்கொண்டேன். ஸ்டிக்கரைத் துடைத்துப் புது உறையில் போட்டேன். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கவில்லை. சர்வரை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், காற்றுப் போகாத அலமாரியில் வைத்தேன். தூசி படாது என்று அவளிடம் சொன்னேன். பழைய டிஸ்க் இரண்டையும் எடுத்து வந்துவிட்டேன்.

நான்கில் ஒன்று போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைத் திரும்ப எழுதித் தரும். அந்த வேலை முடியும்வரை மூன்றும் ஓய்வில்லாமல் சுழல வேண்டும். ஏற்கெனவே தளர்ந்தவை அதில்தான் விழும். முடிவதற்குள் இரண்டாவதும் விழுந்தால் எதுவும் மிஞ்சாது. மே மாதம் வெயிலில் முதலாவது போனது. நான் ஓடிவந்து புதிதாக ஒன்றை மாட்டி, திரும்ப எழுதும் வேலையைத் தொடங்கிவைத்தேன். அடுத்த நாளே இரண்டாவதும் போனது. அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் சொன்னபோது சத்யப்பிரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அது நடிப்பில்லை.

"அழாதீங்கண்ணா. உங்க மேல இன்னா தப்பு" என்று அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போன சனிக்கிழமை அவள் நான்கு டிஸ்க்கையும் ஒரு துணிப்பையில் போட்டு நீட்டினாள். "சும்மாதான கீது. காந்தம் எடுத்துக்கோங்க. பாப்பாவுக்கு ஒண்ணு குடுங்க, அப்பா படத்த ஃபிரிட்ஜில ஒட்டணுமாம்." நான் அங்கேயே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன். வேல்விழி படத்தை வைத்து, அதன் மேல் காந்தத்தை வைத்து, கோணலாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். நேராக இருக்கிறது என்று சொன்னேன். ஜெபகுமாரின் சட்டைப் பாக்கெட் மேல் அந்தப் பிறை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இனி அந்தப் படத்தைப் பற்றி. முதல் அடியில் அவன் முழங்கைதான் மாட்டியது. அவன் உயிரோடு இருந்தான், நிவாஸண்ணா என்று என்னைத்தான் கூப்பிட்டான். நான் ஓடினேன். ஸ்விட்ச் கதவுக்கு இந்தப் பக்கம், காந்தம் அந்தப் பக்கம். நான் ஸ்விட்சைத் தாண்டிப் போய், முதலில் டேப்பைப் பிய்த்துக் காந்தத்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன். கதவு திறந்திருந்ததால் காந்தத்தை எடுத்ததுமே பிரஸ் நிற்கும் என்று நினைத்ததாக எனக்கு ஞாபகம். ஆனால் டேப் பதினொரு மாதப் பழையது, சீக்கிரம் பிய்ந்து வரவில்லை. அதற்குள் இரண்டாவது அடி விழுந்துவிட்டது. அதில்தான் அவன் செத்தான். அதன் பிறகுதான் நான் ஸ்விட்சை அமுக்கினேன். நான் ஸ்விட்சைத் தாண்டியதற்கும் இரண்டாவது அடிக்கும் இடையில் மூன்று விநாடி இருக்கும். நான்கு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சத்யப்பிரியாவின் வீட்டுப் படங்கள் எதுவும் உண்மையில் போகவில்லை. மாற்றும்போதே எல்லாவற்றையும் என் வீட்டில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன், நான்கு நல்ல டிஸ்க்கில், நான்கும் வெவ்வேறு கடையில் வாங்கியவை. என் கை அப்படிப் பழகியது. இத்தனை மாதம் கொடுக்காமல் வைத்திருந்தது தப்புதான். இந்த வாக்குமூலத்தோடு பெட்டியை உங்கள் மேஜை மேல் வைத்திருக்கிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், அவன் குழந்தைக்குப் பாடும் தாலாட்டு எல்லாம் அதில் இருக்கிறது. வேல்விழியிடம் கொடுத்துவிடுங்கள், பத்து வருஷம் தாங்கும்.

அந்த ஒரு படத்தை மட்டும் இங்கே கிளம்பும் முன் அழித்துவிட்டேன். குழந்தை அதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான்.