நேரில் கண்ட ஐந்து பாலூட்டிகள்

காப்பி நன்றாக இருக்கிறது அம்மா. சர்க்கரைதான் இல்லை. சாருக்காகப் போட்டுப் போட்டு உங்கள் கைக்கு அதுவே பழகியிருக்கும். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

என் ரெக்கார்டு நோட்டு உங்கள் மடியில் இருப்பதைப் பார்த்ததுமே எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று தெரிந்துவிட்டது. சாரின் கையெழுத்து உள்ள ஏதாவது வேண்டும் என்று கல்லூரியில் கேட்டீர்களாம். விலங்கியல் துறையில் எங்கள் வகுப்பு ரெக்கார்டுகளை மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் நோட்டில் கையெழுத்தைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். என்னுடையதில் தேதியையும் படித்துவிட்டீர்கள். 16-2-97. சார் காட்டில் காணாமல் போனது பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை.

ஒரு வருஷமாக இதை யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

இராமச்சந்திரன் சார் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. மூன்றாம் வருஷ ரெக்கார்டில் "நேரில் கண்ட ஐந்து பாலூட்டிகள்" என்று ஒரு பகுதி உண்டு. இடம், நேரம், நடத்தை எல்லாம் எழுதவேண்டும். கோவில்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் பருத்தியும் உளுந்தும்தான். அதனால் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன். ஒன்று, வெள்ளாடு: தேர்தல் சுவரொட்டி தின்னும், கட்சி பேதம் பார்ப்பதில்லை. இரண்டு, கழுதை: மிச்சச் சுவரொட்டி தின்னும். மூன்று, மதுரை வண்டி கண்டக்டர்: எல்லாப் பருவத்திலும் கத்தும். இப்படி நாலு எழுதினேன். நான் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் வந்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்கள்.

சார் அதை வகுப்பில் வாசித்தார். முகத்தில் ஒரு அசைவில்லாமல் வாசித்தார். முடித்துவிட்டு, "ஏலே நந்தகோபால், அஞ்சாவது எடம் காலியா கெடக்கே. உங்க வீட்டுல கண்ணாடி இல்லையா?" என்றார்.

முப்பது பேரும் சிரித்தார்கள். பெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அதுவரை அந்த வகுப்பில் யாராவது சிரித்தால் அது நான் சொன்னதற்காக இருக்கும்.

"காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கண்ணால பாத்து எழுது. அங்கனயே கையெழுத்துப் போடுதேன்" என்றார் சார். கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு பக்கத்தில் நின்றது.

பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காப்பகத்துக்குப் போனோம். எங்கள் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டு இரண்டு வேன்களில் உள்ளே போகவேண்டும். முதல் வேனில் பெண்களும் துணைக்கு வந்த மேடமும். இரண்டாவதில் நாங்களும் சாரும். வழிகாட்டியாக சோலைச்சாமி என்று ஒருவர் வந்தார். நிதானமான மனிதர். ஏறும் முன்னாலேயே சொல்லிவிட்டார்: "இப்படிச் சலம்பினா ஒரு எலி கூட வெளிய வராது. ஒத்தையா, சத்தமில்லாம ஒரு எடத்துல உக்காந்தா எல்லாம் அதுவா வரும். இன்னொண்ணு, வழி தப்பிட்டா நடக்கப்படாது. நின்ன எடத்துலயே உக்காந்துருங்க, நாங்க வந்து கூட்டிட்டுப் போவோம்." சார் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சோலைச்சாமி சொன்னபடியே ஆயிற்று. காலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. "ஏலே நந்தா, புலி எப்பதான் வரும்?" என்று சுடலைராஜ் கேட்டான். "வந்துச்சு. உன்னப் பாத்துட்டு பயந்து திரும்பிட்டு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சார் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் காட்டு விலங்குப் பாடம் எடுத்தவர் ஒரு காட்டு விலங்கைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சர்க்கரை வியாதிக்காரர் அடிக்கடி இறங்கவேண்டும், உங்களுக்குத் தெரியும். கரிசல் காட்டில் எங்கே நின்றாலும் ஒரு மைலுக்குத் தெரியும். மானமுள்ள மனிதர்கள் பேச்சுச் சத்தம் கேட்காத தூரம் வரைக்கும் நடந்துவிட்டுத்தான் உட்காருவார்கள். மரம் அடர்ந்த காட்டில் பத்தடி போதும். நம் ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. எங்கே போனாலும் திரும்பிப் பார்த்தால் வந்த இடம் தெரியும் என்று நினைப்பார்கள். தொலைந்துபோக நமக்கு வசதி இருந்ததில்லை.

சாயங்காலம் நாலரைக்குக் கண்காணிப்புக் கோபுரத்தடியில் சார் மூன்றாம் முறையாக ஒதுங்கினார். கொஞ்ச தூரத்தில் நின்றவரிடம், "சார், பொம்பளப் பிள்ளைக இந்தப் பக்கம்தான் பாக்காவ. இன்னும் உள்ள போங்க" என்றேன். பெண்கள் எல்லோரும் வேனில் ஏறியிருந்தார்கள். சார் போனார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை மறைந்தது.

முதல் வேனிலிருந்து சோலைச்சாமி, "ஆள் கணக்கு சரியா தம்பி?" என்று கேட்டார். "சரியா இருக்கு அண்ணாச்சி" என்றேன். அந்த வேன் போனது. எங்கள் பையன்களிடம் சார் அதில் போய்விட்டதாகச் சொன்னேன். ஒரு விளையாட்டுக்குத்தான். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "கண்ணாடி கொண்டாந்தீங்களா சார்" என்று கேட்கலாம் என்றிருந்தேன்.

வேன் கிளம்பும்போது காட்டுக்குள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. "அது என்னலே?" என்றான் சுடலைராஜ். "கருமந்தி" என்றேன். எழுதிக்கொண்டான். உங்களிடம் இருக்கும் நோட்டுக் கட்டுக்குள் அவனுடையதும் இருக்கும். கருமந்தி, குரல் மட்டும், மாலை 4.50.

வழியில் ஓடைப் பாலத்தில் இரண்டு வேன்களும் நின்றன. ஒரு விலங்கும் கிடைக்காத வருத்தத்தில் எல்லோரும் இறங்கி யானை லத்தியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். திருப்பச் சொல்ல அதுதான் நல்ல சமயம். அத்தனை பேரும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

சோதனைச் சாவடியில் சார் இல்லை என்று தெரிந்தபோது இருட்டிவிட்டது. கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டார்கள். பாலத்தடியில் இறங்கி ஓடைப் பக்கம் போனார் என்றேன். அவர் அடிக்கடி ஒதுங்குவது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. இருட்டில் யானை நடமாட்டம் இருக்கும், விடிந்ததும் தேடலாம் என்றார்கள். பெண்கள் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். நாங்கள் எட்டுப் பேர் தேடுவதற்கு நின்றோம். நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தேடினோம். என்னோடு வந்த சுடலைராஜ் வயிறு சரியில்லை என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். நான் மேலே கோபுரத்துக்குப் போனேன். ஒன்பது மணிக்கு சாரைப் பார்த்தேன்.

சோலைச்சாமி சொன்னபடி ஒரு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. எட்டு மணி மாத்திரையைச் சாப்பாடு இல்லாமலே எட்டு மணிக்குப் போட்டிருந்தார். சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா டே" என்றார். பிறகு உதட்டில் விரலை வைத்து, எதிரே காட்டினார்.

ஒரு மிளா மான் நின்றது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டு என் பையில்தான் இருந்தது. மிளா போனதும் மலையணில் வந்தது. அப்புறம் கருமந்தி, இந்த முறை நிஜமானது. அப்புறம் குட்டிகளோடு காட்டுப்பன்றி. சார் காதோடு காதாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு வகுப்பு நடந்ததில்லை. நடுவில் ஒருமுறை, "தின்ன ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டார். என் சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருந்தது. கடித்தால் சத்தம் வரும், நாலு விலங்குதான் ஆகியிருந்தது. அதோடு, டூர் கிளம்பிய அன்று பஸ் ஜன்னல் பக்கம் வந்து, "சாருக்கு இனிப்பு எதுவும் குடுத்துராத தம்பி" என்று என்னிடம் சொன்னவர் நீங்கள்.

ஐந்தாவது வர பதினொரு மணி ஆகிவிட்டது. செந்நாய், இரண்டு. எங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றன. சாரைத்தான் அதிகம் பார்த்தன. சார் சிரித்தார் அம்மா. இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சிரித்தார். அதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நோட்டை நீட்டினேன். முழுவதும் வாசித்துவிட்டு, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தேதியும் அவராகப் போட்டார். எழுத்து கோணலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கீழே வந்து, "மேல்பக்கம் முழுக்கப் பாத்துட்டேன் அண்ணாச்சி, யாரும் இல்ல" என்றேன். அதனால் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. ஒன்பது நாள் கழித்துத் தேன் எடுக்கப் போனவர்கள்தான் பார்த்தார்கள். அங்கே எப்படிப் போனார் என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

"அவிய கடைசியா என்ன கேட்டாவ?" என்றுதானே இப்போது கேட்டீர்கள்.

பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "ஆளுகளக் கூட்டிட்டு சீக்கிரம் வந்துருவேல்லா?" என்று கேட்டார். "வாரேன் சார்" என்றேன். முகம் தெளிந்தது. மரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பொய் சொன்னதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நம் பக்கத்தில் ஒருவரை விட்டுக் கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. அதுவும் வாத்தியாரிடம் அப்படிச் சொல்லலாமா? நான் முறைப்படி விடைபெற்றுக்கொண்டுதான் வந்தேன் அம்மா. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.