மூணு நிமிஷச் சாட்சி

அதான் சொல்றேன்மா, மூணு நிமிஷம்தான் குடுத்தாங்க. அன்னைக்கு சபையில சாட்சி சொல்ல எனக்கு முன்னாடி மூணு பேரு. வேலை கிடைச்சவரு, வீடு கிடைச்சவங்க, அப்புறம் நம்ம ரிட்டயர்டு வாத்தியாரு. அவரு பொறந்ததுல இருந்து ஆரம்பிச்சாருன்னா யாரால நிறுத்த முடியும்? சபையே கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்துச்சு. பாஸ்டர் எங்கிட்ட குனிஞ்சு, அக்கா, கொஞ்சம் சுருக்கமான்னாரு.

சுருக்கிட்டேன். மார்ல கேன்சர் கட்டி இருந்துச்சு, சபையா சேர்ந்து ஜெபம் பண்ணுனோம், கர்த்தர் குணமாக்கிட்டாருன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு அல்லேலூயான்னாங்க. நீ அழுதத நான் மேடையில இருந்தே பார்த்தேன்.

நடுவுல ஒரு ஆபரேஷன் இருந்துச்சும்மா. ஆறு தடவை மருந்து ஏத்துனாங்க, இதே ஆஸ்பத்திரியில, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். அத விட்டுட்டேன்.

மறந்து போயி இல்ல. மறக்கிற விஷயமா அது? அந்த அல்லேலூயா நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். ஓட்டல் லாண்டரியில பதினஞ்சு வருஷமா பெட்ஷீட் மடிக்கிறவ நான். எனக்காக யாரு எழுந்து நின்னிருக்காங்க சொல்லு.

அதுக்கப்புறம் யாருக்கு என்னன்னாலும் எங்கிட்ட அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. அக்கா, கை வச்சு ஜெபம் பண்ணுங்கன்னு. மூட்டுவலிக்காரங்க கூட வராங்க. எனக்கே மூட்டுவலி, அத யாருகிட்ட போயி சொல்ல?

அது கிடக்கட்டும். போன வாரம் ஆராதனை முடிஞ்சதும் நீ வந்து என் கையப் புடிச்ச பாரு. அக்கா, எனக்கும் அதே கட்டிதான், உங்க சாட்சி கேட்டேன், இனி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன், மருந்தும் ஏத்திக்க மாட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. நான் ஆமென்னு சொல்லிட்டேன். பழக்க தோஷம், வாய் தானா சொல்லிடுச்சு. வீட்டுக்குப் போயி செருப்பக் கூட கழட்டாம உக்காந்திருந்தேன். ரெண்டும் சின்னப் பிள்ளைங்க உனக்கு. பயமாயிடுச்சும்மா. அதான் கெஞ்சிக் கூத்தாடி உன்ன இங்க கூட்டியாந்தேன்.

கோவமா இருக்கா? இருக்கட்டும். திட்டணும்னா திட்டு.

என்னது? விசுவாசமா? இருக்கான்னு கேக்குறியா? தெரியலம்மா. உள்ள எல்லாம் மரத்துப் போச்சு. பல்லு புடுங்க ஊசி போட்டப்புறம் கன்னத்தத் தொட்டா யாரு கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி. முட்டி போட்டா ஒரு வார்த்தை வரல. வேதத்தத் திறந்தா எழுத்து தெரியுது, அதோட சரி. அழுகை கூட வரல.

ஆனா பெரிய பெட்ஷீட் மடிக்க ரெண்டு பேரு வேணும்ல. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் ஒருத்தி. அவ பாஷை வேற, பேச்சுவார்த்தையே கிடையாது. எனக்கு முடியாத அன்னைக்கு அவளே நாலு எட்டு கூட நடந்து வந்து என் பக்கத்து முனையையும் வாங்கிக்குவா. நான் கேட்டதே இல்ல. அப்ப மட்டும், ஆண்டவரே, நீரு இங்கயா இருக்கீருன்னு தோணும். தோணிட்டுப் போயிடும். நாள் முழுக்க என் ஜெபம் அவ்வளவுதான்.

இங்க உள்ள ஒரு நர்ஸ் இருக்கா. நரம்பு கிடைக்கலன்னா குத்திக் குத்திப் பாக்க மாட்டா. என் கையத் தன் ரெண்டு கைக்குள்ள வச்சு சூடு பண்ணுவா. கர்த்தர் தொட்டாருன்னு மேடையில சொன்னேனே, அந்தக் கையச் சொல்லாம விட்டுட்டேன் பாரு. அதான் நான் பண்ணுன தப்பு.

ஞாயித்துக்கிழமை மறுபடி எழுந்து நின்னு முழுசா சொல்லப் போறேன். பாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு. முகம் சுண்டிப் போச்சு அவருக்கு. நல்ல மனுஷன்தான், யோசிச்சுட்டு, சொல்லுங்கக்கான்னாரு.

சரி, உன் ஃபைலக் குடு. தலையாட்டாத, குடு. உள்ள போனதும் ஜன்னல் ஓரத்து நாற்காலி கேட்டு வாங்கிக்க. ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்காது. முதல் அரை மணி நேரம் குளிரும், போர்வை கேளு, குடுப்பாங்க. வாயில இரும்பு நக்குன மாதிரி இருக்கும், அதுக்கு ஏதாவது மிட்டாய் போட்டுக்க.

எப்படி இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கேன்னா?

ஞாபகம் எல்லாம் இல்லம்மா. போன மாசமும் அதுலதான் உக்காந்திருந்தேன்.

ஆமா. மறுபடி வந்துடுச்சு. இந்தத் தடவை ஈரல்ல. வீட்டுக்காரருக்கும் பாஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும், இப்ப உனக்கு. இன்னைக்கு எனக்கும் ஏத்துற நாளுதான்.

எழுந்துட்டியா? சரி, வா. நீ ஜன்னல் ஓரம் உக்காரு, நான் பக்கத்துல உக்காந்துக்குறேன்.